முன்வண்டியின் டயர் தெரிகிறதா? சிக்னலில் விடவேண்டிய இடைவெளி பற்றிய கேள்வி பதில்

ஓடும்போது இடைவெளி விடுவது பற்றி எல்லா டிரைவிங் ஸ்கூலிலும் சொல்லிக்கொடுக்கிறார்கள். நின்றபிறகு எவ்வளவு விடவேண்டும் என்று பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு ஓட்டுநர் பயிற்றுநர் ஒருவர் தரும் பதில்கள் இவை.

குரோம்பேட்டையிலிருந்து: சார், சிக்னலில் முன் காருக்கும் நமக்கும் எத்தனை அடி விடணும்? இறங்கி டேப் பிடிச்சா பார்க்க முடியும்?

ஒரே ஒரு தடவை டேப் பிடியுங்கள், அப்புறம் கண்ணே போதும். சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து பார்க்கும்போது, முன்வண்டியின் பின்சக்கரங்கள் தரையைத் தொடும் இடமும், அதற்கு இப்பால் கொஞ்சம் தார் ரோடும் உங்கள் பானெட்டுக்கு மேலே தெரியவேண்டும். ஸ்விஃப்ட், வேகன்ஆர் போன்ற வண்டிகளில் அப்படி நின்றால் பம்பருக்கும் பம்பருக்கும் நடுவே இரண்டரையிலிருந்து மூன்று மீட்டர் வரும். பானெட் உயர்ந்த எஸ்யூவியில் நான்கைத் தாண்டும்.

ஆள் உயரமும் சீட் உயரமும் சேர்ந்து இந்தக் கணக்கை மாற்றும். அதனால் ஆளில்லாத இடத்தில் இன்னொரு வண்டிக்குப் பின்னால் இப்படி நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு இறங்கி அளந்துகொள்ளுங்கள். இரண்டு மீட்டருக்குக் குறைந்தால் உங்களுக்கு டயர் மட்டும் தெரிந்தால் போதாது, இன்னும் ஒரு முழம் ரோடு தெரியவேண்டும். சீட்டை ஏற்றி இறக்கினால் மறுபடி அளக்கவேண்டும்.

மதுரையிலிருந்து: ஏன் இரண்டரை மீட்டர்? ஒரு மீட்டர் போதாதா? நின்ற வண்டி நின்ற வண்டிதானே.

இரண்டு காரணம். முதலாவது, வெளியே வரும் வழி. முன்வண்டி பிரேக் டவுன் ஆகி நின்றுவிட்டால் ரிவர்ஸ் எடுக்காமல் ஒதுக்கிப் போகவேண்டும், ஏனென்றால் பின்னால் நிச்சயம் ஒருவர் ஒட்டிக்கொண்டு நிற்பார். நான்கு மீட்டருக்குட்பட்ட சிறிய காரில் ஸ்டியரிங்கை முழு லாக் வரை ஒடித்து நகர்த்தினால், உங்கள் முன்மூலை முன்வண்டியின் பின்மூலையைத் தாண்டுவதற்குள் வண்டி ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் முன்னே போயிருக்கும். ஓட்டுகிறவர் கை அவ்வளவு துல்லியமாக இருக்காது. அதற்கு ஒரு மீட்டர் கூடுதலாக வையுங்கள்.

இரண்டாவது, பின்னாலிருந்து வரும் இடி. உங்கள் கார் எடையே உள்ள இன்னொரு கார் 30 கி.மீ. வேகத்தில் வந்து மோதினால், மோதிய கணத்தில் இரண்டும் சேர்ந்து சுமார் 15 கி.மீ. வேகத்தில் முன்னே கிளம்பும். காய்ந்த ரோட்டில் இரண்டு பேரும் பிரேக்கை அழுத்தியிருந்தால் ஒன்றேகால் மீட்டரில் நிற்கும். மோதியவர் செல்போன் பார்த்துக்கொண்டு வந்து பிரேக்கையே தொடவில்லை என்றால் உங்கள் பிரேக் ஒன்றுதான் இரண்டு வண்டியையும் பிடிக்கவேண்டும், தூரம் இரண்டரை மீட்டர் ஆகிவிடும். ஒரு மீட்டர்தான் விட்டிருந்தால் பின்பம்பரோடு முன்பம்பர், ரேடியேட்டர், ஏ.சி. கண்டென்சர் எல்லாம் போகும். முன்னால் இருப்பவரோடும் சண்டை.

அதே நண்பர்: அப்படியானால் சிக்னலில் காலை பிரேக்கிலேயே வைத்திருக்கணுமா? ஹேண்ட் பிரேக் போட்டு நியூட்ரலில் விடச்சொல்கிறார்களே.

இரண்டும் சரி, வரிசைதான் முக்கியம். நின்றதும் கால் பிரேக்கில் இருக்கட்டும், பிரேக் லைட் எரியட்டும். கண் ரியர்வியூ கண்ணாடியில். பின்னால் ஒரு வண்டி வந்து முழுதாக நின்றபிறகு ஹேண்ட் பிரேக், நியூட்ரல், பிறகு கால் எடுக்கலாம். பெரும்பாலான கார்களில் ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களை மட்டும்தான் பிடிக்கும், இடி விழுந்தால் வண்டி இன்னும் தூரம் தள்ளப்படும். எனவே பின்னால் ஆள் வந்து நிற்கும்வரை அதை மட்டும் நம்பவேண்டாம்.

வேளச்சேரியிலிருந்து: அண்ணா, இதெல்லாம் வெளிநாட்டுக்குச் சரி. நம்ம ஊரில் மூன்று மீட்டர் விட்டால் நாலு பைக்கும் ஒரு ஷேர் ஆட்டோவும் உள்ளே வந்துடும். என்ன பண்றது?

வரட்டும். இந்தப் பதில் உங்களுக்குப் பிடிக்காது, ஆனாலும் கணக்கைப் பாருங்கள். சிவப்பில் உங்கள் முன்னே வந்து நிற்கும் பைக், பச்சை விழுந்ததும் உங்களுக்கு முன்பே கிளம்பிவிடும். உங்களுக்கு நஷ்டம் ஓரிரு நொடி. அவர் வரக்கூடாது என்று பம்பரை ஒட்டிக்கொண்டு போனால், அவர் உங்கள் கதவுக்கும் பக்கத்து வண்டிக்கும் நடுவே ஹேண்டில்பாரை நுழைப்பார். கீறல் உங்கள் கதவில்.

பைக் உள்ளே வந்துவிட்டால் மேலும் நகராதீர்கள். இப்போது உங்கள் முன்வண்டி அந்த பைக்தான். பச்சை விழுந்ததும் அது உறுதியாகக் கிளம்பி இரண்டு மீட்டர் போனபிறகே கிளட்சை விடுங்கள். சிக்னலில் பைக் ஆஃப் ஆகி நிற்பது சர்வசாதாரணம், பின்னால் உட்கார்ந்திருப்பவரின் முழங்கால் உங்கள் பம்பர் உயரத்தில் இருக்கிறது.

ஷேர் ஆட்டோ மூக்கை மட்டும் நுழைத்துக் குறுக்கே நின்றால் இடைவெளி போனது போனதுதான். அதற்காக ரிவர்ஸ் எடுக்கவேண்டாம். பச்சை விழுந்ததும் அவரைப் போகவிட்டு, இடைவெளியைப் புதிதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கோவையிலிருந்து: முன்னால் இடம் விட்டால் பின்னால் இருப்பவர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருக்கிறார். இடம் விடுவதால் சிக்னலில் குறைவான வண்டிதானே கடக்கும்?

அப்படித்தான் தோன்றும். ஆனால் பச்சை விழுந்ததும் எல்லா வண்டியும் ஒரே நேரத்தில் கிளம்புவதில்லை. ஒவ்வொருவரும் முன்வண்டி பாதுகாப்பான தூரம் போகும்வரை காத்திருந்துதான் கிளம்புகிறார். ஒட்டி நின்றவருக்கு அந்தக் காத்திருப்பு அதிகம். விட்டு நின்றவர் சீக்கிரம் கிளம்பிவிடுவார். அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தினர் வரிசையாகக் கார்களை நிறுத்தி, இடைவெளியை மாற்றி மாற்றிச் சோதித்து 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். 25 அடி வரை இடைவெளி விட்டாலும் சிக்னலைக் கடக்க ஆகும் நேரத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. நாம் பேசுவது 25 அடி அல்ல, எட்டுப் பத்து அடி.

ஒரே விதிவிலக்கு, வரிசை நீண்டு பின்னால் உள்ள சந்திப்பை அடைத்துக்கொண்டிருந்தால் கொஞ்சம் நெருங்கி நிற்கலாம். ஹாரனுக்காக நெருங்கவேண்டாம்.

விழுப்புரத்திலிருந்து: ஹைவேயில் திடீரென்று டிராஃபிக் நின்று, நான்தான் கடைசி வண்டி. பின்னால் லாரி வருகிறது. இங்கேயும் அதே மூன்று மீட்டரா?

இல்லை. இத்தனை கேள்விகளில் உயிர்போகும் இடம் இதுதான். ஊருக்குள் 30 கி.மீ. வேகத்தில் இடித்த கணக்கை மேலே சொன்னேன். பத்துப் பதினைந்து டன் லாரி இடித்தால் அந்தக் கணக்கு செல்லாது. ஒரு டன் காரை அது ஏறத்தாழ தன் வேகத்திலேயே தள்ளிக்கொண்டு போகும். முன்னால் இன்னொரு லாரி நின்றால் நடுவில் கார் நசுங்கும்.

வரிசை நிற்பது தூரத்தில் தெரிந்ததுமே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, பிரேக்கை லேசாக, விட்டு விட்டு, இரண்டு மூன்று முறை அழுத்துங்கள், லைட் சிமிட்டுவது பின்னால் வருபவருக்குத் தெரியும். ஹசார்டு லைட்டைப் போடுங்கள். முன்வண்டிக்கு 10 முதல் 15 மீட்டர் பின்னாலேயே நில்லுங்கள், லேனின் நடுவில் அல்லாமல் ரோட்டோர இடம் எந்தப் பக்கம் காலியோ அந்தப் பக்கம் ஒதுங்கி. முதல் கியரிலேயே இருக்கட்டும், கிளட்ச் மிதித்தபடி. கண் கண்ணாடியை விட்டு அகலக்கூடாது. பின்னால் வருபவர் வேகம் குறைக்காமல் வந்தால் அந்தப் பக்கவாட்டு வழியில் வண்டியை எடுத்துவிடுங்கள்.

பின்னால் இரண்டு மூன்று வண்டிகள் வந்து நின்றபிறகு மெல்ல நகர்ந்து மூன்று நான்கு மீட்டருக்கு வந்து, நியூட்ரல் போடுங்கள். முன்னால் அதிகம் விட்டு நின்றவருக்குத்தான் இப்படிப் பின்னாலும் இடம் உண்டாக்க முடியும்.

தப்பவே முடியாது என்று தெரிந்தால் பிரேக்கை முழு பலத்தோடு மிதித்து, முதுகையும் பின்தலையையும் சீட்டோடு ஒட்டிவையுங்கள். ஹெட்ரெஸ்டின் மேல்விளிம்பு உங்கள் உச்சந்தலை உயரத்துக்கு இருக்கவேண்டும், தலைக்கும் அதற்கும் இரண்டு அங்குலத்துக்கு மேல் இடைவெளி கூடாது. தாழ்த்திவிட்ட ஹெட்ரெஸ்ட் கழுத்தைக் காப்பதற்குப் பதில் பின்னால் ஒடித்துவிடும்.

ஈரோட்டிலிருந்து: பாலத்து ஏற்றத்தில் முன்னால் நிற்கும் லாரி பின்னால் உருண்டுவிடும் என்று பயமாக இருக்கிறது.

நியாயமான பயம். ஏற்றத்தில் கார் பின்னால் ஐந்து மீட்டர், லோடு லாரி அல்லது பஸ் பின்னால் எட்டுப் பத்து மீட்டர் விடுங்கள். கால் பிரேக்கில் வண்டியைப் பிடித்து நிற்பவர் பிரேக்கிலிருந்து ஆக்சிலேட்டருக்குக் கால் மாற்றும் அரை நொடியில் வண்டி உருளும். ஹில் ஹோல்டு (ஏற்றத்தில் உருளாமல் தானே பிடித்துக்கொள்ளும் வசதி) உள்ள கார்களும் ஏறத்தாழ இரண்டு நொடிதான் பிடித்திருக்கும். லாரியின் பக்கக் கண்ணாடியில் டிரைவர் முகம் உங்களுக்குத் தெரிகிறதா என்றும் பாருங்கள். தெரியவில்லை என்றால் நீங்கள் பின்னால் நிற்பதே அவருக்குத் தெரியாது. கம்பி ஏற்றி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் லாரி என்றால் தூரத்தை லாரியின் பின்பலகையிலிருந்து எடுக்கவேண்டாம், கம்பி நுனியிலிருந்து எடுங்கள்.

நீங்களும் ஹேண்ட் பிரேக் போட்டுத்தான் கிளம்பவேண்டும். கிளட்ச் கடித்து வண்டியின் மூக்கு லேசாக எழுவது தெரிந்ததும் ஹேண்ட் பிரேக்கை இறக்குங்கள். கிளட்சைப் பாதி விட்டு ஹாஃப் கிளட்சில் நின்றே பழகினால் கிளட்ச் பிளேட் சீக்கிரம் கருகும்.

திருச்சியிலிருந்து: எனது ஏ.எம்.டி. வண்டி, கிளட்ச் மிதி கிடையாது, கியர் தானே மாறும். டி-யில் (டிரைவ்) வைத்து பிரேக்கை மிதித்தபடி நிற்பது சரியா?

பத்து இருபது நொடிக்குச் சரி. அதற்கு மேல் நியூட்ரலும் ஹேண்ட் பிரேக்கும். டி-யில் கால் லேசாக நழுவினாலே வண்டி ஊர்ந்து போய் முன்வண்டியை முட்டும். சிக்னலில் போனை எடுக்கக் குனிபவர்களுக்கு இது நடக்கிறது. ஏற்றத்தில் ஆக்சிலேட்டரைக் கொஞ்சமாக அழுத்தி வண்டியைப் பிடித்து நிறுத்தாதீர்கள், கிளட்ச் சூடாகும்.

தாம்பரத்திலிருந்து, ஸ்கூட்டர் ஓட்டும் அக்கா ஒருவர்: நாங்கள் எங்கே நிற்பது?

முன்காரின் நேர் பின்னால் நிற்காமல் அதன் பின்மூலைக்கு நேராக, இரண்டு மீட்டர் விட்டு நில்லுங்கள் அக்கா. பின்னால் யாராவது பிரேக் பிடிக்காமல் வந்தால் முன்காரின் பக்கமாக நழுவிப் போகலாம். பஸ், லாரிக்கு இடப்பக்கம் ஒட்டி நிற்கவே வேண்டாம், அது இடப்பக்கம் திரும்பினால் பின்சக்கரம் உள்ளே வெட்டி வரும். லாரி மூக்கின் முன்னால் ஒட்டி நிற்பதும் அதே ஆபத்துதான். உயரமான கேபினிலிருந்து நேர் கீழே இருக்கும் ஸ்கூட்டர் தெரியாது. டிரைவர் முகம் தெரியும் தூரத்துக்கு முன்னே போய் நில்லுங்கள்.

பெரம்பூரிலிருந்து: ஆம்புலன்ஸ் வந்தால்?

இடைவெளி விட்டு நின்றவர் மட்டும்தான் வழிவிட முடியும். வண்டியை ஓரமாகச் சாய்வாக நகர்த்துங்கள். கோட்டைத் தாண்டவேண்டி வந்தால் குறுக்கே வரும் வண்டியைப் பார்த்து மெல்ல மூக்கை நீட்டுங்கள். அவசர ஊர்திக்கு வழிவிடாமல் இருந்தால் மோட்டார் வாகனச் சட்டம் 194இ பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

கிருஷ்ணகிரியிலிருந்து: டோல்கேட்டில் முன்வண்டியை ஒட்டியே போய்விட்டால் நேரம் மிச்சம்தானே?

பாஸ்டேக் ரீடர் முன்வண்டியைப் படித்து முடிக்கும் முன் நீங்கள் ஒட்டிப்போனால் குழப்பம் வரும். அவருக்குத் திறந்த தடுப்புக் கட்டை உங்கள் பானெட் மேல் இறங்கவும் கூடும். ஒரு கார் நீளம் விட்டு, அவர் கட்டையைத் தாண்டியபிறகு நகருங்கள். அவருடைய டேகில் பணம் இல்லாமல் ரிவர்ஸ் எடுக்கச் சொன்னாலும் அந்த இடம் உதவும்.

பொள்ளாச்சியிலிருந்து: வால்பாறை ரோட்டில் நாற்பது கொண்டை ஊசி வளைவு. பஸ் இறங்குகிறது, நான் ஏறுகிறேன். எங்கே நிற்பது?

வளைவுக்குள் அல்ல, அதற்குக் கீழே நேர்ச்சாலையில், உங்கள் இடப்பக்க ஓரத்தை ஒட்டி. பஸ் திரும்ப முழு ரோட்டையும் எடுக்கும், ஏறும் வண்டிக்கு முன்னுரிமை என்ற விதி அங்கே பஸ்ஸின் நீளத்தைக் குறைத்துவிடாது. முன்னால் ஏறும் வண்டி நின்றால் அதற்குப் பத்து மீட்டர் கீழே நில்லுங்கள்.

அரக்கோணத்திலிருந்து: ரயில்வே கேட்?

தண்டவாளத்துக்கு அப்பால் உங்கள் வண்டி முழுதாக நிற்க இடம் தெரிந்தால் மட்டும் உள்ளே நுழையுங்கள். முன்வண்டியை நம்பி ஒட்டிக்கொண்டு ஏறினால், அவர் நிற்கும்போது நீங்கள் தண்டவாளத்தின் மேல்.

சேலத்திலிருந்து: பின்னால் இடித்து நான் முன்வண்டியில் மோதினால் யார் பணம் கட்டுவது?

முதலில் போட்டோ, வண்டிகளை நகர்த்தும் முன்பே. மூன்று வண்டியும் ஒரே படத்தில், நம்பர் பிளேட்டோடு, ரோட்டில் உள்ள டயர் தடத்தோடு. டேஷ்கேம் இருந்தால் காட்சியை அப்போதே தனியே சேமியுங்கள், பிறகு அழிந்துவிடும். நீங்கள் நின்றிருந்தீர்கள், தள்ளப்பட்டுத்தான் மோதினீர்கள் என்று நிரூபிக்க முடிந்தால் பொறுப்பு பின்னால் வந்தவருடையது. நடுவில் அரை மீட்டர்தான் இருந்தது என்றால், நீங்களே முதலில் மோதியதாக முன்வண்டிக்காரர் சொல்வார், மறுப்பது கஷ்டம். உங்கள் பாலிசியில் ஓன் டேமேஜ் (சொந்த வண்டிச் சேதம்) கிளெய்ம் போட்டால், கிளெய்ம் இல்லாத வருடங்களுக்காக 20 முதல் 50 சதவீதம் வரை சேர்த்துவைத்த பிரீமியம் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் போய்விடும். சின்னச் செலவு என்றால் கணக்குப் பார்த்து முடிவெடுங்கள்.

கடலூரிலிருந்து: வலப்பக்கம் திரும்ப மீடியன் இடைவெளியில் நிற்கும்போது ஸ்டியரிங்கை முன்கூட்டியே ஒடித்து வைக்கலாமா?

கூடாது. சக்கரம் நேராகவே இருக்கட்டும். ஒடித்துவைத்த நிலையில் பின்னால் இடித்தால் எதிரே வரும் வண்டியின் பாதைக்குள் நேராகத் தள்ளப்படுவீர்கள். எதிரில் காலியானதும், வண்டி உருள ஆரம்பித்தபிறகு ஒடியுங்கள்.