மலையில் உட்கார்ந்து பொதுச் சார்பியல் படிக்க எந்தப் புத்தகம்?

கோத்தகிரிக்கு அருகிலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார். பி.எஸ்சி. இயற்பியல் முடித்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இரவு எட்டு மணிக்கு மேல் ஒன்றரை மணி நேரம் ஓய்வாகக் கிடைக்கிறது. ஈர்ப்பைக் காலவெளியின் வளைவாக விளக்கும் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியலைக் கணக்கோடு கற்க வேண்டும் என்பது கல்லூரிக் கால ஆசை. பழைய புத்தகக் கடையில் மிஸ்னர், தோர்ன், வீலர் மூவரும் எழுதிய ‘கிராவிடேஷன்’ கிடைக்க, வாங்கிவிட்டார். மூன்று முறை தொடங்கி, மூன்று முறையும் டென்சர் (திசையன் போல, ஆனால் பல குறியீடுகள் கொண்ட கணிதப் பொருள்) வரும் இடத்தில் நின்றுவிட்டாராம். “எனக்குக் கணிதம் போதவில்லையா, புத்தகம் தவறா?” என்று கேட்கிறார்.

புத்தகம்தான் உரிய காலத்துக்கு முன்பே உங்களிடம் வந்துவிட்டது, அம்மா. 1973-இல் வெளிவந்த அந்த நூல் ஆயிரத்து இருநூறு பக்கங்களுக்கு மேல் போகும். அதில் இல்லாதது குறைவு. ஆனால் தனியாகப் படிப்பவருக்கு எதை விட்டுவிட்டுப் போகலாம் என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். எளிய பாதை, ஆழமான பாதை என்று ஆசிரியர்களே பக்கங்களைப் பிரித்துக் குறித்திருந்தும், முதல் வாசிப்பில் அந்த வனத்துக்குள் வழி தெரிவதில்லை. விற்றுவிடாதீர்கள். அலமாரியில் இருக்கட்டும். ஓர் ஆண்டு கழித்து ஏதேனும் ஒரு கருத்து பிடிபடாதபோது அதைத் திறந்தால், வேறெந்த நூலிலும் இல்லாத படமும் விளக்கமும் அங்கே கிடைக்கும்.

நீங்கள் தொடங்க வேண்டியது ஜேம்ஸ் ஹார்ட்டிலின் ‘கிராவிட்டி’ (2003). பெரும்பாலான நூல்கள் டென்சர் கணிதத்தை முழுதாகக் கட்டி முடித்துவிட்டு இயற்பியலுக்கு வரும். ஹார்ட்டில் அந்த வரிசையைத் திருப்பிப் போட்டார். வளைந்த காலவெளி ஒன்றைக் கையில் கொடுத்து, அதில் கோள் எப்படி ஓடும், ஒளி எப்படி வளையும் என்று முதலில் கணக்கிடச் செய்கிறார். பொருள் காலவெளியை எப்படி வளைக்கிறது என்று சொல்லும் ஐன்ஸ்டைன் சமன்பாடு புத்தகத்தின் கடைசிப் பகுதியில்தான் வருகிறது. இயக்கச் சமன்பாடுகளை ஆற்றல்களிலிருந்து வருவிக்க பி.எஸ்சி.யில் படித்த லக்ராஞ்சியன் முறை நினைவிருந்தால் பாதி நூல் வரை அதுவே தாங்கும். மறந்திருந்தால் அதற்கு மட்டும் இரண்டு வாரம் ஒதுக்குங்கள்.

நீங்கள் நின்ற இடம் டென்சர் என்று எழுதியிருக்கிறீர்கள். பலரும் அங்கேதான் நிற்கிறார்கள், காரணமும் ஒன்றுதான்: மெட்ரிக் என்றால் என்ன என்று தெரியாமலே அதன் குறியீடுகளை ஏற்றி இறக்கப் பழகுகிறார்கள். உங்கள் ஊரில் இதற்குக் கரும்பலகையே தேவையில்லை. சம உயரக் கோடுகள் போட்ட வரைபடம் ஒன்றை எடுத்துக்கொண்டு தேயிலைச் சரிவு ஒன்றின் அருகே நில்லுங்கள். சம உயரக் கோட்டை ஒட்டிச் செல்லும் செடி வரிசையில் நடந்தால், வரைபடத்தின் ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு நடைதூரம். அதே ஒரு சென்டிமீட்டரை வரிசைக்குக் குறுக்கே ஏறினால் நடைதூரம் அதிகம். சரிவு செங்குத்தாகும் இடத்தில் இன்னும் அதிகம். வரைபட எண்கள் வெறும் முகவரிகள், அவை தூரம் அல்ல. அந்த முகவரிகளை நடைதூரமாக மாற்றித் தரும் விதிதான் மெட்ரிக். அது இடத்துக்கு இடம் மாறுகிறது, திசைக்குத் திசையும் மாறுகிறது. திசைகளை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பார்க்க வேண்டியிருப்பதால்தான் அதற்குக் கீழே இரண்டு குறியீடுகள். மலையின் உயரத்தை x, y இரண்டின் சார்பாக எழுதி, பிதாகரஸ் தேற்றத்தை மட்டும் வைத்து இந்த விதியை நீங்களே வருவித்துப் பாருங்கள். அரைப் பக்கக் கணக்குதான். அது முடிந்த இரவில் டென்சர் மேல் இருந்த பயம் பெருமளவு போய்விடும்.

காலத்துக்கும் இதே விதி உண்டு. மேட்டுப்பாளையம் ரயில் நிலையத்துக்கும் ஊட்டி நிலையத்துக்கும் உயர வேறுபாடு ஏறத்தாழ 1,900 மீட்டர். ஈர்ப்பு முடுக்கத்தை அந்த உயரத்தால் பெருக்கி, ஒளி வேகத்தின் வர்க்கத்தால் வகுங்கள். ஊட்டியில் வைத்த கடிகாரம் மேட்டுப்பாளையக் கடிகாரத்தைவிட ஒரு நாளைக்குச் சுமார் 18 நானோ விநாடி முந்தி ஓடும் என்று விடை வரும். அந்த நேரத்தில் ஒளி ஐந்து மீட்டருக்கு மேல் போய்விடும். ஹார்ட்டிலின் ஆறாம் அத்தியாயம் இந்தக் கணக்கைத்தான் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களுக்குப் போட்டுக் காட்டுகிறது. உங்கள் மாணவர்களுக்கும் இதைச் சொல்லலாம். மலை ரயிலில் போய்வந்த பிள்ளைகள் இதை மறக்க மாட்டார்கள்.

சிறப்புச் சார்பியல் துருப்பிடித்திருந்தால் டெய்லரும் வீலரும் எழுதிய ‘ஸ்பேஸ்டைம் ஃபிசிக்ஸ்’ போதும். அதன் இரண்டாம் பதிப்பு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

ஹார்ட்டிலில் ஒன்பதாம் அத்தியாயம் வரை முடித்த பிறகு பெர்னார்ட் ஷுட்ஸின் ‘எ ஃபர்ஸ்ட் கோர்ஸ் இன் ஜெனரல் ரிலேட்டிவிட்டி’ நூலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஐந்தாம் அத்தியாயம் பொன்னானது. வளைவே இல்லாத சாதாரணத் தாளில், துருவ ஆயங்களை மட்டும் வைத்துக் கிறிஸ்டோஃபெல் குறியீடுகள் (ஆயத் திசைகள் இடத்துக்கு இடம் மாறுவதைக் கணக்கில் எடுப்பவை) ஏன் முளைக்கின்றன என்று காட்டுகிறார். வளைவு வேறு, ஆயங்களின் கோணல் வேறு என்பது அங்கே தெளிந்துவிடும். ஷான் கரோலின் விரிவுரைக் குறிப்புகள் 1997 முதல் இலவசமாகக் கிடைக்கின்றன, அவற்றை அச்செடுத்துக் கட்டி வையுங்கள். மழைக்காலத்தில் மின்சாரம் நின்றாலும் மெழுகுவத்தி வெளிச்சத்தில் காகிதம் படிக்கலாம். ராபர்ட் வால்டின் 1984 நூல் பலருக்கும் வேதம், எனக்கும்தான். அடுத்தடுத்த பாதைகள் ஈர்ப்பால் எப்படி நெருங்குகின்றன என்று கொல்கத்தா இயற்பியலாளர் ராய்ச்சௌதுரி 1955-இல் தந்த சமன்பாட்டின் முழு வலிமையை நான் கண்டது அதில்தான். ஆனால் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு அந்தப் பக்கம் போக வேண்டாம்.

வாரத்துக்கு எத்தனை பக்கம் என்று எண்ணாதீர்கள். எத்தனை கணக்கு என்று எண்ணுங்கள். வாரத்துக்கு மூன்று கணக்கை விடையைப் பார்க்காமல் முடித்தால் வேகம் சரி. நோட்டில் தவறான வழிகளையும் அடிக்காமல் விடுங்கள், மூன்று மாதம் கழித்து அவைதான் உங்களுக்கு ஆசிரியர்.

ஹார்ட்டிலின் ஒன்பதாம் அத்தியாயம் முடிந்ததும் கோடை விடுமுறையில் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்துக்கு ஒரு முறை போய்வாருங்கள். அங்கே இயக்குநராக இருந்த ஜான் எவர்ஷெட், சூரிய ஒளியின் நிறமாலை வரிகள் ஐன்ஸ்டைன் சொன்ன அளவுக்குச் சிவப்புப் பக்கம் நகர்கின்றனவா என்று பல ஆண்டுகள் அளந்தார். நகர்வு அலைநீளத்தில் பத்து லட்சத்தில் இரண்டு பங்குதான். சூரிய மேற்பரப்பில் வாயு மேலும் கீழும் ஓடுவதாலும் அதே அளவுக்கு வரிகள் நகரும். இரண்டையும் பிரித்தறிவது பெரும்பாடாக இருந்தது. 1920களில்தான் ஐன்ஸ்டைன் சொன்னது இருக்கிறது என்ற முடிவுக்கு அவர் வந்தார். புறப்படும் முன், சூரியனின் நிறையையும் ஆரத்தையும் ஸ்வார்ட்ஸ்சைல்டு மெட்ரிக்கில் (கோள வடிவப் பொருளுக்கு வெளியே உள்ள காலவெளியின் மெட்ரிக்) இட்டு அந்த எண்ணை நீங்களே கண்டுபிடியுங்கள்: 2.12, பத்து லட்சத்தின் கீழ். 6,000 ஆங்ஸ்ட்ராம் வரி ஒன்றுக்கு அது 0.013 ஆங்ஸ்ட்ராம் நகர்வு. அந்த எண்ணை நோட்டில் எழுதி எடுத்துக்கொண்டு போய், அங்குள்ள பழைய கருவிகளின் முன்னால் நின்று பாருங்கள்.