அந்தப் பொண்ணு எந்தப் பக்கம் சுத்துறா?

சார் வணக்கம்,

எங்க ஃபேமிலி வாட்ஸாப் க்ரூப்ல ஒரு வீடியோ வந்துச்சு. கறுப்பு நிழலா ஒரு பொண்ணு ஒத்தக்கால்ல சுத்திட்டே இருக்கா. கடிகாரம் சுத்துற பக்கமா தெரிஞ்சா நீங்க வலது மூளை, கற்பனை ஜாஸ்தி, எதிர்ப்பக்கமா தெரிஞ்சா இடது மூளை, கணக்கு நல்லா வரும்னு போட்டிருந்தாங்க. என் பொண்ணுக்கு கடிகாரப் பக்கம்தான் தெரிஞ்சுது. ஏழாவது படிக்கிறா, கணக்குல கொஞ்சம் வீக். என் நாத்தனார் உடனே "பாத்தியா, இவ வலது மூளை, டியூஷனுக்குக் கொட்டுறது தண்டம், ட்ராயிங் க்ளாஸ்ல சேத்துவிடு"ன்னுட்டாங்க. நான் ஒரு கண்ணை மூடிட்டுப் பாத்தேன், சுத்துற பக்கம் மாறிடுச்சு. அப்போ இதுல ஏதோ விஷயம் இருக்குதானே?

ஒரு வாசகி, தென்காசி

வணக்கம்மா,

உங்க கடிதம் வந்ததும் அந்தப் பொண்ணைத் தேடிப்பிடிச்சு ஃபோன்ல ஓடவிட்டேன். கடிகாரப் பக்கம்தான் சுத்துனா, சரி நமக்கும் கற்பனை இருக்குன்னு ஒரு சந்தோஷம் (எழுதுறவனுக்கு வேற என்ன வேணும்), உள்ள போய் காபி எடுத்துட்டு வந்து பாத்தா எதிர்ப்பக்கம் சுத்திட்டிருக்கா. ஒரு டம்ளர் காபிக்குள்ள எனக்கு மூளை மாறிப்போச்சா என்ன?

அதைப் பண்ணுனவர் நொபுயுகி கயஹாரான்னு ஒரு ஜப்பான்காரர், வெப் டிசைனர், வருஷம் 2003. இடது மூளை வலது மூளைங்குற லேபிள் 2007 வாக்குல அது ஊரெல்லாம் பரவும்போது ஒட்டிக்கிட்டது. படம் முழுக்கக் கறுப்பு, கண்ணு மூக்கு துணிமடிப்பு எதுவும் கிடையாது, அதனால தூக்கின கால் நம்ம பக்கம் நீட்டியிருக்கா, அந்தப் பக்கமான்னு படத்துலயே பதில் இல்ல. நம்ம பக்கம்னு மூளை வச்சுக்கிட்டா ஒரு திசை, அந்தப் பக்கம்னு வச்சுக்கிட்டா மறு திசை, ரெண்டுமே சரிதான். பொதுவா நாம எதையும் மேலேருந்து குனிஞ்சு பாக்குறதாவே எடுத்துக்குவோம், கடிகாரப் பக்கம் நிறைய பேருக்குத் தெரியுறதுக்கு அதுதான் காரணம்னு சொல்றாங்க. இடுப்புக்கு மேல கையால மறைச்சுட்டு ஊன்றின காலை மட்டும் கொஞ்ச நேரம் பாருங்க, மாறும்.

ஆரல்வாய்மொழிப் பக்கம் பொழுது சாயும்போது பஸ்ல போனா இதே கூத்துதான். வெளிச்சத்துக்கு எதிர்ல கரண்ட் எடுக்குற காத்தாடி வெறும் நிழலா சாய்வா நிக்கும், நமக்கு முகத்தைக் காட்டுதா முதுகைக் காட்டுதான்னு தெரியாது, பாத்துட்டே இருக்கும்போது திடீர்னு மாத்திச் சுத்துற மாதிரி இருக்கும். சின்ஸ்டெடன்னு ஒரு ஜெர்மன்காரர் 1860லயே காத்தாலையைப் பாத்து இதை எழுதி வச்சிருக்கார்.

கண்ணை மூடினது நல்ல யோசனைதான், ஆனா ஒரு கண்ணு ஒரு பாதி மூளைக்குன்னு வயரிங் இல்லம்மா. ரெண்டு கண்ணுலருந்தும் ரெண்டு பாதிக்கும் நரம்பு போகுது, உங்களுக்கு இடப்பக்கம் இருக்குறது எந்தக் கண்ணால பாத்தாலும் வலது பாதிக்குத்தான் போகும். சும்மா கண்ணைச் சிமிட்டினாலே அவ மாறுவா.

இந்தக் கதைக்கு ஒரு நிஜமான வேர் உண்டு, அதுதான் எனக்கு சுவாரசியம். 1960கள்ல அமெரிக்காவுல மருந்துக்கு அடங்காத வலிப்பு இருக்குறவங்க சிலருக்கு, மூளையோட ரெண்டு பாதியையும் இணைக்கிற நரம்புக் கத்தையை (ஏறக்குறைய 20 கோடி இழை) வெட்டிவிட்டாங்க. மூளை ஆராய்ச்சியாளர் ரோஜர் ஸ்பெர்ரியும் அவர் மாணவர் மைக்கேல் கஸானிகாவும் அவங்களை உக்காரவச்சு, திரையோட இடது ஓரத்துல 'ஸ்பூன்'ங்குற மாதிரி ஒரு வார்த்தையை மின்னல் மாதிரி காட்டுவாங்க. என்ன பாத்தீங்கன்னா "ஒண்ணும் பாக்கலையே"ம்பாங்க, ஏன்னா பேசுறது இடது பாதி, வார்த்தை போனது வலது பாதிக்கு. ஆனா இடது கையைத் திரைக்கு அடியில விட்டு துழாவச் சொன்னா கை சரியா ஸ்பூனை எடுத்துடும், ஏன்னா இடது கையை நடத்துறது வலது பாதி! வாய் இல்லைங்குது, கை எடுத்து நீட்டுது. ஸ்பெர்ரிக்கு 1981ல நோபல் பரிசு கிடைச்சுது.

ஆக ரெண்டு பாதிக்கும் வேலைப் பிரிவினை இருக்கு, வலதுகைப் பழக்கம் உள்ளவங்கள்ல 100க்கு 95 பேர் மாதிரி பேச்சுக்கு இடது பாதியைத்தான் நம்பியிருக்காங்க. ஆனா அது கத்தையை வெட்டினவங்ககிட்ட கண்டுபிடிச்சது, உங்க பொண்ணுக்கு அந்த 20 கோடியும் பத்திரமா இருக்கு. ஒரு ஆள் இடது, இன்னொரு ஆள் வலதுங்குறது பின்னாடி ட்ரெயினிங் வகுப்புக்காரங்க ஊதிப் பெருக்கினது. 2013ல யூட்டா பல்கலைக்கழகத்துல 7லருந்து 29 வயசு வரைக்கும் 1011 பேரோட ஸ்கேனை அலசினாங்க, அப்படி ஒரு பக்கமா சாய்ஞ்ச ஆளுங்கன்னு தனி வகையே தேறல. எண்ணோட அளவைப் புரிஞ்சுக்குறதுக்கு ரெண்டு பாதியுமே வேலை செய்யுது, அதனால 'கணக்கு மூளை இடது'ங்குறதும் நிக்காது.

ட்ராயிங் பிடிச்சா தாராளமா சேருங்க, கணக்குக்குப் பதிலா வேண்டாம். பின்னத்துல இடிக்குதான்னு ஒரு நாள் பக்கத்துல உக்காந்து பாருங்க, எங்க வீட்டுப் பையனுக்கு அங்கதான் இடிச்சுது.

நாத்தனார்கிட்ட வாதம் பண்ணாதீங்க. ஃபோனைக் கையில கொடுத்து அஞ்சு நிமிஷம் அந்தச் சுத்துற பொண்ணையே பாத்துட்டு இருக்கச் சொல்லுங்க. திசை மாறினதும் "அண்ணி, இப்போ நீங்க எந்த மூளை?"ன்னு மட்டும் கேளுங்க.