19ஆம் நூற்றாண்டுப் புகைப்படக்காரர் ஒருவரைப் பழைய ஆவணங்களில் எப்படித் தேடுவது?

பழைய உருவப்படம் ஒன்றில் ஸ்டுடியோவின் பெயர் மட்டும் இருக்கிறது, படம் எடுத்தவர் யார், பிறகு என்ன ஆனார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது எனக் கேட்டிருக்கிறீர்கள். நான் மூன்று வருடமாக விடாமல் பின்தொடரும் ஒருவரை வைத்தே சொல்லிவிடுகிறேன். அவர் பெயர் அகஸ்டஸ் வாஷிங்டன்.

1820 வாக்கில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்து ட்ரென்டன் நகரில் பிறந்தவர். தந்தை அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர். தாய் தெற்காசிய வழிவந்தவர். இந்த ஒரு வரியைப் படித்த இரவுதான் நான் தேட உட்கார்ந்தேன். அந்தக் காலத்து அமெரிக்காவில் அப்படி ஒரு குடும்பம், அதிலிருந்து வந்த பிள்ளை கேமராவைக் கையில் எடுத்தது எப்படி என்று தெரிந்துகொள்ளாமல் தூக்கம் வரவில்லை.

முதல் முட்டுக்கட்டை பெயர். வாஷிங்டன் என்று தேடினால் நாட்டின் முதல் அதிபரும் தலைநகரமும்தான் வந்து நிற்பார்கள். அதனால் பெயரோடு ஊரையும் தொழிலையும் சேர்த்தே தேட வேண்டும். ஊர் கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்ஃபோர்ட், தொழில் டாகரோடைப். வெள்ளி பூசிய செம்புத் தகட்டில் நேரடியாகப் படம் விழும் முறை அது. 1839இல் பாரிஸில் அறிவிக்கப்பட்டது. நெகட்டிவ் கிடையாது, ஒரு தகடு போனால் அந்தப் படமே போயிற்று. அட்டைப் படங்களின் பின்புறம் ஸ்டுடியோ முத்திரை இருக்கும். டாகரோடைப்பில் படத்தைச் சுற்றியுள்ள பித்தளைச் சட்டத்திலோ, பெட்டியின் உள்பக்க வெல்வெட்டிலோ பெயர் அழுத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். உங்களிடம் இருப்பது அந்த வகை என்றால், தயவுசெய்து நீங்களே கண்ணாடியைக் கழற்றாதீர்கள். விரல் பட்டாலே உருவம் அழிந்துவிடும்.

வாஷிங்டன் 1843இல் டார்ட்மவுத் கல்லூரியில் சேர்ந்தார். படிப்புச் செலவுக்காகத்தான் டாகரோடைப் கற்றுக்கொண்டார். அப்படியும் கடன் தீராமல் கல்லூரியை விட்டு, ஹார்ட்ஃபோர்டில் கறுப்பினப் பிள்ளைகளுக்கான பள்ளியில் ஆசிரியரானார். 1846இல் அதே ஊரில் ஸ்டுடியோ திறந்தார். இதற்குப் பிறகு அவரைப் பார்க்க உள்ளூர்ச் செய்தித்தாள் விளம்பரங்கள்தான் வழி. ஒரு படம் 50 சென்ட்டில் தொடங்கி 10 டாலர் வரை. பெண்களுக்குத் தனி ஒப்பனை அறையும் உதவிக்கு ஒரு பெண்ணும் உண்டு என்பதையும் விளம்பரம் செய்திருக்கிறார். யாரெல்லாம் தன் கடைக்கு வரவேண்டும் என்று நினைத்தார் என்பது இதிலேயே தெரிந்துவிடுகிறது. ஆண்டுதோறும் வந்த நகர முகவரிப் புத்தகங்களையும் விடாதீர்கள். அப்புறம் 1850 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. அமெரிக்காவில் அடிமையாக இல்லாத ஒவ்வொருவரின் பெயரையும் எழுதிய முதல் கணக்கெடுப்பு அதுதான். அதற்கு முன் குடும்பத் தலைவர் பெயர் மட்டுமே இருக்கும்.

படத்தில் இருப்பவரும் நமக்குச் சாட்சி. அடிமை முறைக்கு எதிராக ஆயுதம் ஏந்தி 1859இல் தூக்கிலிடப்பட்ட ஜான் பிரவுனின் மிகப் பழைய உருவப்படம் வாஷிங்டன் எடுத்ததுதான். 1846 அல்லது 1847 என்று காலம் குறிக்கிறார்கள். அப்போது பிரவுன் ஸ்பிரிங்ஃபீல்டில் கம்பளி வணிகர். அங்கிருந்து ஹார்ட்ஃபோர்ட் 40 கிலோமீட்டர்தான். படத்தில் ஒரு கையை உயர்த்தி உறுதிமொழி எடுப்பதுபோல் நிற்கிறார், மறு கையில் கொடி. டாகரோடைப்பில் பெரும்பாலும் இடம் வலமாகத் தெரியும் என்பதால், எந்தக் கை என்று குறித்துக்கொள்ளும் முன் படத்தைக் கண்ணாடியில் காட்டிப் பாருங்கள்.

1853க்குப் பிறகு எனக்கு விளம்பரமும் இல்லை, முகவரியும் இல்லை. கடை நொடித்துவிட்டது அல்லது ஆள் இறந்துவிட்டார் என்றே நினைத்தேன். பல வாரம் புகைப்படக்காரர் பட்டியல்களையே புரட்டிக்கொண்டிருந்தது என் தவறு. கேமராவை விட்டுவிட்டு ஆளைத் தேடத் தொடங்கியதும்தான் கதவு திறந்தது. தப்பியோடும் அடிமைகளைப் பிடித்துக் கொடுக்கச் சொல்லும் கடுமையான சட்டம் 1850இல் வந்திருந்தது. அதற்கு அடுத்த ஆண்டு, கறுப்பின மக்கள் ஆப்பிரிக்காவில் குடியேறுவதை ஆதரித்து வாஷிங்டன் எழுதிய நீண்ட கடிதம் நியூயார்க் ட்ரிப்யூனில் வெளியாகியிருக்கிறது. 1853இல் மனைவி குழந்தைகளோடு லைபீரியாவுக்கே போய்விட்டார்! அவருடைய மறுபாதி வாழ்க்கை, கறுப்பின மக்களை லைபீரியாவுக்கு அனுப்பிவைத்த அமெரிக்கக் குடியேற்றச் சங்கத்தின் தாள்களில் இருந்தது. அந்தச் சங்கத்தின் இதழான ஆப்பிரிக்கன் ரெப்பாசிட்டரியில் குடியேறியவர்களின் பட்டியல்கள் வரும், கடிதங்கள் வரும். புகைப்பட வரலாறு தேடுகிறவர் அந்தப் பக்கம் ஏன் போகப்போகிறார்?

லைபீரியத் தலைநகர் மன்ரோவியாவில் மறுபடி ஸ்டுடியோ வைத்தார். சியரா லியோன், காம்பியா, செனகல் வரை போய்ப் படம் எடுத்தார். பிறகு செயின்ட் பால் ஆற்றங்கரையில் கரும்புத் தோட்டம், நாடாளுமன்றம், சபாநாயகர் பதவி. 1875இல் மன்ரோவியாவில் இறந்தார்.

எனக்கு மிகவும் பிடித்த சான்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கிறது. அவர் எடுத்ததாகக் கருதப்படும் லைபீரிய அரசியல்வாதிகளின் டாகரோடைப்புகள் அவை. ஒருவர் மேசையில் தாளோடு உட்கார்ந்திருக்கிறார், ஒருவர் எழுந்து பேசும் பாவனையில் நிற்கிறார். பிற்காலத்தில் நாட்டின் அதிபரான ஜேம்ஸ் ஸ்கிவ்ரிங் ஸ்மித், சபைக் காவலர் சான்சி பிரவுன் எல்லாரும் உண்டு. தனியாகப் பார்த்தால் இந்தத் தோரணைகள் விசித்திரமாக இருக்கும். முன்பு சொன்ன குடியேற்றச் சங்கத்தின் சேகரிப்பில், லைபீரிய செனட் கூடியிருப்பதை ராபர்ட் கிரிஃபின் 1856இல் தீட்டிய நீர்வண்ண ஓவியம் ஒன்று உள்ளது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்துப் பாருங்கள். தகடுகளில் தனித்தனியாக இருப்பவர்கள் அதே தோரணையில் அந்த ஓவியத்துக்குள் போய் அவரவர் இடத்தில் அமர்ந்திருப்பார்கள்.