மகன் பிறந்தநாளுக்கு நகைக் கடனில் மேல்தொகை வாங்கலாமா?

கேள்வி: மன்னார்குடி பக்கத்துக் கிராமம். வயது 39. உரக்கடை வைத்திருக்கிறேன். குடும்பச் செலவு போக மாதம் 9,000 ரூபாய் மிஞ்சும். மூன்று ஏக்கர் நிலத்தில் சம்பா மட்டும் போடுகிறேன். மகளுக்குப் பிறகு ஒன்பது வருடம் கழித்து மகன் பிறந்திருக்கிறான். வரும் மாசியில் முதல் பிறந்தநாள். சிங்கப்பூரில் இருக்கும் மனைவியின் அண்ணன், “தாய்மாமன் நான் இருக்கேன், ஊரே பேசுற மாதிரி செய்யணும் மாப்பிள்ளை” என்று தஞ்சாவூரில் ஒரு நிறுவனத்திடம் பேசி முடித்துவிட்டார். 250 பேருக்கு கௌபாய் தீம் விருந்து: சாப்பாடு தலைக்கு 650 ரூபாய், லைவ் பார்பிக்யூ கவுன்ட்டர் 60,000, மாக்டெயில் கவுன்ட்டர் 45,000, மண்டபமும் அலங்காரமும் 90,000, போட்டோ, வீடியோ 40,000. மச்சான் ஒரு லட்சம் தருகிறேன் என்கிறார். மீதி மூன்று லட்சம் என் பொறுப்பு.

மனைவியின் 12 சவரன் நகை வங்கியில் இருக்கிறது. 2021 தையில் வீடு குடிபோக 1.8 லட்சத்துக்கு வைத்தேன். 2023-ல் மகள் காதுகுத்துக்காக அதையே திருப்பி வைத்து 2.6 லட்சமாக ஆக்கினேன். 2025-ல் தங்கை மகள் சடங்குக்குத் தாய்மாமன் சீர் செய்ததில் 3.5 லட்சமாகிவிட்டது. வட்டி 9.5 சதவீதம், தவறாமல் கட்டுகிறேன். வரும் தையில் புதுப்பிக்க வேண்டும். தங்கம் ஏறியிருப்பதால் இன்னும் மூன்று லட்சம் தாராளமாகக் கிடைக்கும் என்கிறார்கள். வாங்கலாமா? நகையை மீட்பதற்காக செயலி வழியாக மாதம் 3,000 ரூபாய்க்கு டிஜிட்டல் தங்கம் வாங்கி வருகிறேன். நகை அடகில் இருப்பது மச்சானுக்குத் தெரியாது. விருந்தைச் சுருக்கினால் அவர் கோபித்துக்கொள்வார். என்ன செய்வது?

பதில்: வாங்காதீர்கள். ஒரு ரூபாய்கூட மேல்தொகை வேண்டாம்.

வட்டியைத் தவறாமல் கட்டுவதாகச் சொல்கிறீர்கள். அதனாலேயே இந்தக் கடன் உங்களுக்கு வலிக்காமல் வளர்ந்துவிட்டது. 2021 முதல் 2023 வரை 1.8 லட்சத்துக்கு இரண்டு வருட வட்டி 34 ஆயிரம். அடுத்த இரண்டு வருடம் 2.6 லட்சத்துக்கு 49 ஆயிரம். இந்த வருடம் 33 ஆயிரம். கூட்டினால் 1 லட்சத்து 16 ஆயிரத்துக்குக் குறையாது. இவ்வளவு கொடுத்தும் அசலில் பத்து ரூபாய் குறையவில்லை. கிட்டத்தட்ட இரண்டு மடங்காகியிருக்கிறது. நகை மட்டும் அதே 12 சவரன்தான்.

விருந்து, சீர், காதுகுத்து இவற்றைவிட எனக்குக் கவலை தருவது, தங்கம் ஏறும்போதெல்லாம் அந்த ஏற்றத்தை நீங்கள் எடுத்துச் செலவழித்துவிடும் பழக்கம். 2021 தையில் சவரன் 37 ஆயிரத்தைச் சுற்றி இருந்தது. 2025 அக்டோபரில் 90 ஆயிரத்தைத் தாண்டியது. இந்த ஏற்றம் உங்கள் மனைவியின் சொத்து, அவருடைய அப்பா அம்மா போட்ட நகைக்கு வந்த மதிப்பு. அதை ஒவ்வொரு விசேஷத்துக்கும் கடனாக உருவிக்கொண்டிருக்கிறீர்கள். வங்கி கொடுக்கத் தயாராக இருக்கிறது என்பதற்கு, உங்களால் திருப்பிக் கட்ட முடியும் என்று அர்த்தமில்லை. நகை அவர்கள் கையில் இருப்பதால் கொடுக்கிறார்கள்.

மூன்று லட்சம் சேர்த்தால் கடன் 6.5 லட்சம். வருட வட்டி 62 ஆயிரம். உங்கள் சம்பாவை எடுத்துக்கொள்வோம். ஏக்கருக்கு 18 குவிண்டால், அதாவது நேரடிக் கொள்முதல் நிலையத்தின் 40 கிலோ சிப்பத்தில் 45 சிப்பம் என்று வைப்போம். குவிண்டால் சுமார் 2,500 ரூபாய் என்றால் ஏக்கருக்கு 45 ஆயிரம். உழவு, நடவு, உரம், மருந்து, அறுவடை இயந்திர வாடகை என்று 30 ஆயிரம் போனால் மிச்சம் 15 ஆயிரம். மூன்று ஏக்கருக்கும் சேர்த்து 45 ஆயிரம். ஒரு போகம் முழுவதையும் கொண்டுபோய்க் கொட்டினாலும் வட்டிக்கு இன்னும் 17 ஆயிரம் குறையும். இது நல்ல மகசூலில். அறுப்பு நேரத்தில் மழை பிடித்து ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் கொள்முதல் நிலைய வாசலில் நெல்லைக் கொட்டி வைத்துக்கொண்டு எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

தங்கம் இறங்கினால் என்ன ஆகும் என்றும் பாருங்கள். 2020 ஆகஸ்ட் உச்சத்திலிருந்து 2021 மார்ச்சுக்குள் தங்கம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இறங்கியது. அதே மாதிரி மறுபடி இறங்கினால், 2025 அக்டோபரின் 90 ஆயிரம் வீதம் 10.8 லட்சம் மதிப்புள்ள நகை 8.6 லட்சத்துக்கு வரும். இவ்வளவு பெரிய கடனுக்கு வங்கியின் வரம்பு நகை மதிப்பில் முக்கால் பங்கு, அது 6.5 லட்சம். அதாவது உங்கள் கடன் அளவுதான், வட்டிக்குக்கூட இடமில்லை. அப்போது புதுப்பிக்கப் போனால் கையிலிருந்து பணம் கொண்டுவரச் சொல்வார்கள். கடைசியில் மொத்தமாகக் கட்டும் நகைக் கடனுக்குக் கெடுவே அதிகபட்சம் 12 மாதம்தான். வருடா வருடம் இந்தச் சோதனைக்கு நீங்கள் நின்றாக வேண்டும்.

டிஜிட்டல் தங்கத்தை இந்த வாரமே நிறுத்துங்கள். சொந்தத் தங்கத்தை 9.5 சதவீத வட்டிக்கு வைத்துவிட்டு, 3 சதவீதம் ஜிஎஸ்டி கொடுத்து வேறு தங்கம் வாங்குகிறீர்கள். விற்கும்போது வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளியில் இன்னொரு பிடித்தம். செயலிகளில் விற்கும் இந்த டிஜிட்டல் தங்கம் தன் ஒழுங்குமுறைக்குள் வராது என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி 2025 நவம்பரில் வெளிப்படையாக எச்சரித்தது. பத்து ரூபாய்க்கும் தங்கம் வாங்கலாம் என்ற விளம்பரம் நன்றாக இருக்கும். உங்களுக்கு அதைவிட நல்ல முதலீடு வங்கி லாக்கரிலேயே கிடக்கிறது. இதுவரை சேர்ந்ததை விற்று அசலில் கட்டிவிடுங்கள். விருந்து நிறுவனம் ‘வட்டியில்லாத் தவணை’ என்று ஆசை காட்டினால் அதற்கும் போகாதீர்கள். வட்டியில்லாத தவணை என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே சொல்லிவிட்டது. வட்டி விலையில் இருக்கும், அல்லது செயலாக்கக் கட்டணத்தில் இருக்கும்.

விருந்துக்கு வருவோம். ஒன்பது வருடம் கழித்துப் பிறந்த பிள்ளை, கொண்டாட வேண்டியதுதான். தாய்மாமனுக்கு ஆசை இருப்பதும் நியாயம். கௌபாய் தீமையே வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தீமுக்கு இவ்வளவு பணமே தேவையில்லை.

அசல் கௌபாய்கள் டெக்சாஸிலிருந்து கன்சாஸ் ரயிலடி வரை மாட்டு மந்தையை மாதக்கணக்கில் ஓட்டிப்போன கூலிக்காரர்கள். 1866-ல் சார்லஸ் குட்நைட் என்ற டெக்சாஸ் பண்ணையாளர் பழைய ராணுவ வண்டி ஒன்றின் பின்புறம் அடுக்குப் பெட்டியும் மடக்குப் பலகையும் பொருத்தி, மந்தையோடு போகிற சமையல் வண்டியாக்கினார். அதில் சமைத்தது பீன்ஸ், உப்புக்கண்டம், புளித்த மாவு ரொட்டி, உலர்ந்த பழம், கடுங்காப்பி. இந்த மாதிரி விருந்துப் பட்டியலில் வரும் நாச்சோஸ், அதாவது சீஸ் போட்ட சோளச் சிப்ஸ், 1940-களில் மெக்சிகோ எல்லை ஊர் ஒன்றில் வந்த பண்டம், அந்த மந்தைக் காலம் முடிந்து பல வருடங்களுக்குப் பிறகு. மலிவான சாப்பாட்டைத்தான் உங்களிடம் தலைக்கு 650-க்கு விற்கிறார்கள். மாக்டெயில் கவுன்ட்டர் என்பது தலைக்கு 180 ரூபாய். அதில் பெரும்பாலும் கலர் சிரப்பும் சோடாவும் ஐஸும்தான் இருக்கும்.

80 பேரைக் கூப்பிடுங்கள், வீட்டு வாசலிலேயே பந்தல் போடுங்கள். மாசியில் அறுப்பு முடிந்து வயலில் உருளை உருளையாக வைக்கோல் கட்டுக் கிடக்கும். பத்துக் கட்டைக் கொண்டுவந்து மேலே ஜமுக்காளம் போட்டால் உட்கார இடமும் ஆயிற்று, அலங்காரமும் ஆயிற்று. அடுப்பு இருக்கும் பக்கம் மட்டும் வைக்கோல் வரவே கூடாது. பார்பிக்யூ அடுப்புக்கு வெல்டிங் பட்டறையில் ஒரு தகர பேரலை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, கால் வைத்து, மேலே கம்பி வலை போட்டுத் தருவார்கள். உரக்கடை வைத்திருப்பதால் சொல்கிறேன், பூச்சிமருந்து வந்த பேரல் எக்காரணம் கொண்டும் வேண்டாம். எண்ணெய் வந்த பேரலாக இருந்தாலும் முதல்நாள் உள்ளே விறகு போட்டு நன்றாக எரித்துக் கழுவிவிட்டுத்தான் கறி வைக்க வேண்டும்.

ஆளுக்கு 200 கிராம் கணக்கில், குழந்தைகளுக்குக் கொஞ்சம் குறைத்து, 15 கிலோ கோழி போதும். முதல்நாள் இரவே தயிர், மிளகாய், பூண்டு, கொஞ்சம் வெல்லம், புளி சேர்த்து ஊறவைத்தால் வாங்குகிற பார்பிக்யூ சாஸுக்கு வேலையில்லை. சைவத்துக்கு நாலு கிலோ பன்னீர். ராஜ்மா ஆளுக்கு 50 கிராம், நாலு கிலோவைத் தக்காளியில் கெட்டியாகக் கொதிக்க விட்டால் அதுதான் கௌபாய் பீன்ஸ். சுட்ட சோளக்கதிர், தணலில் வாட்டிய உருளைக்கிழங்கு, பேக்கரி பன். எவ்வளவு மேற்கத்திய விருந்தாக இருந்தாலும் நம் பக்கத்து ஆட்களுக்குச் சோறு கண்ணில் படாமல் கை கழுவ மனம் வராது. ஆகவே ஒரு தக்காளிச் சாதம், ஒரு தயிர்ச் சாதம். எல்லாம் 16 ஆயிரத்துக்குள் முடியும்.

குடிக்க நன்னாரி சர்பத். அமெரிக்காவில் அந்தக் காலத்தில் சார்சபரில்லா என்ற வேர்ப் பானம் பிரபலம். நம் நன்னாரி வேறு செடிதான், ஆனால் அதுவும் வேரிலிருந்து வருவதுதான், மணமும் ஏறக்குறைய அந்த ஜாதி. ஆளுக்கு அரை லிட்டர் என்று 40 லிட்டர் கலக்க வேண்டும். எலுமிச்சை, இஞ்சி, ஐஸ் கட்டி, தண்ணீர் கேன், கடைசியில் எல்லோருக்கும் ஃபில்டர் காபி, இவை 4,500 ரூபாய். தகர டம்ளரில் கொடுங்கள், பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

சமையல்காரருக்கும் உதவியாளுக்கும் 8,000, பந்தல், விளக்கு, மேசை 9,000, கேக் 2,500, தொப்பி, அலங்காரம் 4,000, போட்டோ 6,000. கூப்பிடாமல் விட்டவர்கள் மனம் கோணாமல் இருக்க நூறு வீட்டுக்குத் திருவையாறு அசோகா ஒரு சின்னப் பொட்டலம், 4,000. மொத்தம் 54 ஆயிரம். மொய் எழுத வேண்டாம் என்று பத்திரிகையிலேயே போட்டுவிடுங்கள். வந்தால் அதுவும் திருப்பிச் செய்ய வேண்டிய கடன்தான், இன்னொரு நோட்டில் எழுதியிருக்கும், அவ்வளவே.

மச்சானிடம் நீங்கள் பேச வேண்டாம், உங்கள் மனைவி பேசட்டும். நகை வங்கியில் இருப்பதை மறைக்காமல் சொல்லட்டும். அவர் தங்கச்சிக்குப் போட்ட நகை அது. அண்ணனுக்குத் தெரியக்கூடாது என்று அஞ்சு வருடமாக மறைத்துக்கொண்டு, அதே நகையை அவர் கேட்ட விருந்துக்காக இன்னும் ஆழமாக அடகு வைப்பது அவருக்கே செய்யும் பெரிய தவறு. நாளை அவருக்கு எப்படியும் தெரியத்தான் போகிறது. இப்போது தெரிந்தால் கொஞ்சநாள் வருத்தப்படுவார். நகை ஏலத்துக்கு வரும்போது தெரிந்தால் உறவே அறுந்துவிடும். ஒரு லட்சம் தருவதாகச் சொன்னாரே, அதை முன்கூட்டியே கேட்கலாம். 55 ஆயிரம் மருமகன் விருந்துக்கு, 45 ஆயிரம் தங்கச்சி நகைக்கு. பெரும்பாலான அண்ணன்கள் இரண்டாவதைத்தான் பெருமையாகச் செய்வார்கள். நிறுவனத்துக்கு அவர் முன்பணம் ஏதாவது கொடுத்திருந்தால் அது போனாலும் பரவாயில்லை, அதற்காக மீதி மூன்று லட்சத்தைத் தொடர வேண்டாம்.

இந்தச் சம்பாவில் வருவதில் 33 ஆயிரம் வட்டிக்குப் போகும். மச்சான் பணத்தில் அசல் 3.05 லட்சமாகும். மாதம் மிஞ்சுவதாக நீங்கள் சொல்லும் 9,000, டிஜிட்டல் தங்கத்தின் 3,000-மும் அதற்குள்தான் என்று எடுத்துக்கொள்கிறேன், முழுவதையும் மாதாமாதம் கடனுக்கே கட்டுங்கள். அடுத்த சம்பாவிலிருந்து ஒவ்வொரு வருடமும் 40 ஆயிரம் சேர்ந்தால் ஏறக்குறைய இரண்டரை வருடத்தில் கடன் தீரும். ஒரு லட்சம் குறையும்போதெல்லாம் மூன்று நான்கு சவரனைப் பிரித்து வெளியே எடுக்க முடியுமா என்று கேளுங்கள். பகுதி பகுதியாக மீட்க வசதியாகப் புதுப்பிக்கும்போதே நகையை இரண்டு கணக்காகப் பிரித்து வைக்கச் சொல்லலாம். இதற்கிடையில் தங்கை வீட்டிலோ வேறெங்கோ சீர் வந்தால், கையில் இருக்கும் பணத்துக்குள் செய்யுங்கள். ‘தாய்மாமன் இவ்வளவுதான் செய்தான்’ என்று ஒருவர் சொல்வார், சொல்லிவிட்டுப் போகட்டும்.

தையில் வங்கிக்கு மனைவியையும் கூட்டிப் போங்கள். மேல்தொகை வேண்டாம் என்று எழுதியே கொடுங்கள். மாதாமாதம் கட்டும் பணத்தை அசலில் வரவு வைப்பார்களா, முன்கூட்டிக் கட்டினால் கட்டணம் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். புதுச் சீட்டில் அசல் 3.5 லட்சத்துக்கு மேல் ஒரு ரூபாய் இல்லை, நகையின் எடை முன்பிருந்தபடியே இருக்கிறது என்று இருவரும் படித்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.