ரெண்டு மாசமா கழியுற கிடை நாய்க்கு ப்ரோபயாட்டிக் பவுடர் போதுமா?

கேள்வி: வணக்கம் டாக்டர், ஆட்டுக் கிடைக்கு காவலா ஒரு சிப்பிப்பாறை நிக்குது, 3 வயசு. ரெண்டு மாசமா சளி சளியா கழியுது, நல்லாத்தான் திங்குது ஆனா உடம்பு இறங்கிடுச்சு. கோழிக்கடை கழிவும் பால்சோறும்தான் போடுறோம். மாட்டுக்கு குடுக்குற ப்ரோபயாட்டிக் (குடலுக்கு நல்லது பண்ற கிருமி) பவுடர் குடுக்கலாமா, இல்ல தயிர் போதுமா?

பதில்: அண்ணே, சிப்பிப்பாறை ஒல்லி வாகுதான், கடைசி ரெண்டு மூணு விலா தெரிஞ்சா பயமில்ல, ஆனா முதுகெலும்பும் இடுப்பெலும்பும் துருத்திட்டு இருந்தா தின்னது உடம்புல ஏறலைன்னு அர்த்தம். 3 வாரத்துக்கு மேல கழிஞ்சாலே நாள்பட்ட குடல் அழற்சியா இருக்கலாம்னு பாக்கணும், உங்களுதுக்கு ரெண்டு மாசம் ஆச்சு.

மாட்டு பவுடர் வேண்டாம்ணே. அது அசைபோடுற வயித்துக்குன்னு செஞ்சது. தயிர் ரெண்டு ஸ்பூன் கெடுதல் பண்ணாது, ஆனா அதுல இருக்குற பாக்டீரியா நாய்க் குடல்ல தங்காது, அதை மருந்தா நம்பாதீங்க. பாலை இன்னைக்கே நிறுத்துங்க, வளர்ந்த நாய் நிறையதுக்கு பால் செரிக்காது.

முதல்ல நாயோட மலத்தை ஒரு டப்பால எடுத்துட்டு கால்நடை மருந்தகம் போங்க, கொக்கிப்புழுவும் ஜியார்டியாங்கற குடல் ஒட்டுண்ணியும் இருக்கான்னு பாக்கச் சொல்லுங்க. ஈறு வெளுத்திருந்தா, மலம் தார் மாதிரி கருப்பா போனா, வயித்துல நீர் கோத்த மாதிரி தெரிஞ்சா ஒரு நாள்கூட தள்ளாதீங்க. ஆட்டுக்கு வாங்கின பூச்சி மருந்தை கைக்கணக்குல ஊத்திடாதீங்கண்ணே, எடை போட்டுத்தான் குடுக்கணும்.

புழு இல்லைன்னா அடுத்தது சாப்பாடு. இந்த மாதிரி நாய்ங்கள்ல பாதிக்கு மேல தீனி மாத்தினாலே சரியாகுது. கோழியை முழுசா விட்டுட்டு சோறும் முள் எடுத்த வேகவச்ச மீனும் மட்டும், உப்பு மசாலா எதுவும் இல்லாம, ரெண்டு வாரம். ஊடால யாரும் பிஸ்கட் ரொட்டி போடக் கூடாது, ஒரு துண்டு போட்டாலும் அந்த ரெண்டு வாரம் வீண், வீட்டுல பிள்ளைங்ககிட்ட இதை கண்டிப்பா சொல்லி வைங்க.

அதோட நாய்க்குன்னே வர்ற ப்ரோபயாட்டிக் சேர்க்கலாம். இத்தாலியில குடல் அழற்சி இருந்த 20 நாய்ல பாதிக்கு 8 வகை பாக்டீரியா கலவையும் மீதிக்கு ஸ்டீராய்டும் மெட்ரோனிடசோல்ங்கற ஆன்டிபயாட்டிக்கும் 60 நாள் குடுத்து 2014ல வெளியிட்டாங்க, ரெண்டு பக்கமும் தேறுச்சு, ஆனா ப்ரோபயாட்டிக் மெதுவாத்தான் வேலை செஞ்சது. அதனால நாலு நாள்ல நிறுத்திடாதீங்க. மெட்ரோனிடசோலை நீங்களா கடையில வாங்கிப் போடாதீங்க, அது நல்ல கிருமியையும் சேர்த்துக் கொல்லும். அப்படியும் நிக்கலைன்னா வைட்டமின் பி12, அல்புமின்ங்கற ரத்தப் புரதம் ரெண்டுக்கும் ரத்தம் பாக்கணும், அப்ப நாயைக் கூட்டிட்டே வாங்க.