பசலி 1286, மாசி மாதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தாது வருஷப் பஞ்சம் பற்றிய உங்கள் நூலைப் படித்தேன். நான் ஓய்வு பெற்ற கிராம நிர்வாக அலுவலர். பசலி, அதாவது நிலவரிக் கணக்கு ஆண்டு, என்ற சொல்லைக் கண்டால் ஆங்கில ஆண்டைக் கண்டுபிடிக்கக் கை தானாகக் கூட்டல் போடும். நான்காம் அத்தியாயத்தில் வரும் கணக்குச் சீட்டின் பசலி 1286 மாசியை 1876 என்று எழுதியிருக்கிறீர்கள். 1877 அல்லவா? நிவாரண வேலைக்குப் போன ஆணுக்கு நாள்கூலி அரைப் படி தானியமும் ஓரணாவும் என்கிறீர்கள். எந்த ஊர்ப் படி? பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய இடத்தைச் சொல்லும் ‘கஞ்சித் தொட்டி’ எங்கள் பக்கத்துப் பேச்சில் கிடையாது, எடுத்துவிடலாம். தவறாக எண்ண வேண்டாம்.

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள ஐயா,

தவறாக எண்ணத்தான் செய்தேன், ஒரு பத்து நிமிடம். அப்புறம் சீட்டின் நகலைத் தேடி எடுத்தேன். தலைப்பிலேயே ‘தாது ௵ மாசி ௴’ (தாது வருஷம் மாசி மாதம்) என்று இருக்கிறது. தாது வருஷம் 1876 சித்திரையில் பிறந்தது. அதன் மாசி 1877 பிப்ரவரியில்தான் வரும். நான் அதைப் பார்க்காமல் பசலியோடு 590ஐக் கூட்டி 1876 என்று போட்டுவிட்டேன். பசலி ஜூலையில் தொடங்குவதால் ஜனவரி முதல் ஜூன் வரை 591 கூட்ட வேண்டும் என்பது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் கோட்டை விட்டேன்.

வெறும் எண் பிழையாக இருந்தால் பேனாவால் திருத்திவிட்டுப் போகலாம். ஆனால் அந்த 1876ஐ நம்பி ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறேன்: மழை பொய்ப்பதற்கு முன்பே சீட்டில் உள்ள குடிகள் ஊரைவிட்டுக் கிளம்பினார்கள், ஆகவே அவர்களை விரட்டியது வரிதான் என்று. வடகிழக்குப் பருவமழை தவறியது 1876 கடைசியில். சீட்டு அதற்குப் பிந்தியது என்றால் என் வாதம் நிற்காது. மதிப்புரையில் ஒருவர் தனியாகப் பாராட்டிய பகுதியும் அதுதான், என்ன செய்ய! வரி கடுமையாக இருந்தது உண்மை. அதற்கு இந்தச் சீட்டு சாட்சி ஆகாது. மறுபதிப்பில் அந்தப் பகுதி முழுக்கப் போகிறது.

படி விஷயமும் நீங்கள் சொல்வதுதான் சரி. பஞ்ச நிவாரணத்தைப் பார்வையிட ஆங்கில அரசு அனுப்பிய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் 1877ல் வெட்டிக் குறைத்த கூலி ஆணுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும். பவுண்டு என்றால் சுமார் 450 கிராம். படிக்கணக்கில் சொன்னால் வாசகருக்குச் சுலபமாகப் புரியும் என்று நினைத்தேன். ஊருக்கு ஊர் மாறும் அளவை வைத்துக்கொண்டு என்ன சுலபம்? இனி எடையிலேயே இருக்கட்டும்.

கஞ்சித் தொட்டியை மட்டும் எடுக்க மாட்டேன். சேலம் பக்கத்தில் ஒரு பாட்டி, தன் பாட்டி சொன்னதாகச் சொன்ன சொல் அது. உங்கள் பக்கத்தில் என்ன சொல்வார்கள் என்று எழுதுங்கள், இரண்டையும் போடுகிறேன்.

மின்னூலில் இந்த வாரமே திருத்திவிடுவேன். கடைக்குப் போகாத பிரதிகளில் திருத்தச் சீட்டு வைக்கப் பதிப்பாளர் ஒப்புக்கொண்டார். பழைய வாக்கியத்தையும் அந்தச் சீட்டில் அச்சிடச் சொல்லியிருக்கிறேன், ஏனென்றால் ஓர் ஆய்வு மாணவர் அதை ஏற்கெனவே மேற்கோள் காட்டிவிட்டார். அவருக்கும் நேற்று எழுதினேன். இன்னும் பதில் இல்லை.

மற்ற அத்தியாயங்களிலும் எட்டு இடங்களில் பசலி வருகிறது. ஒரு பட்டியல் அனுப்பட்டுமா? நீங்களும் ஒருமுறை கூட்டிப் பாருங்கள்.