விபிஎன் அமைக்கும்போது பாஸ்வேர்டு சரியாக இருந்தும் ‘ஆதென்டிகேஷன் ஃபெயில்டு’ என்று வருவது ஏன்?

முதலில், அதே பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்ப அடிப்பதை நிறுத்துங்கள். பல அலுவலக சர்வர்களில் சில தவறான முயற்சிகளிலேயே கணக்கு லாக் ஆகிவிடும். பிறகு சரியான பாஸ்வேர்டும் செல்லாது, உண்மையான காரணமும் மறைந்துபோகும்.

விபிஎன்னில் சரிபார்ப்பு பெரும்பாலும் இரண்டு கட்டமாக நடக்கிறது. சான்றிதழோ ப்ரீ-ஷேர்டு கீயோ (இரு பக்கமும் முன்கூட்டியே பகிர்ந்துகொண்ட ரகசியச் சொல்) வைத்து இயந்திரங்களுக்குள் நடப்பது முதல் கட்டம். அது முடிந்த பிறகுதான் உங்கள் யூசர்நேமும் பாஸ்வேர்டும் கேட்கப்படும். எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதை விண்டோஸ் பிழை எண்ணிலேயே காட்டிவிடுகிறது.

எல்2டிபி (ஒரு விபிஎன் வகை) இணைப்பில் பிழை எண் 789 வந்தால் பாஸ்வேர்டு இன்னும் சர்வருக்குப் போகவே இல்லை. பெரும்பாலும் ப்ரீ-ஷேர்டு கீ பொருந்தாததுதான் காரணம். மெயிலிலிருந்து காப்பி செய்யும்போது கடைசியில் ஒரு ஸ்பேஸ் ஒட்டிக்கொண்டு வரும். கீயை நோட்பேடில் ஒட்டி, ‘எண்ட்’ பட்டனை அழுத்துங்கள். கர்சர் கடைசி எழுத்தை ஒட்டி நிற்காமல் ஓர் இடைவெளி தள்ளி நின்றால் அதுதான் கோளாறு.

13801 என்றால் ஐகேஇவி2 (இன்னொரு விபிஎன் வகை) சான்றிதழைப் பாருங்கள். சான்றிதழில் டொமைன் பெயர் இருக்க, நீங்கள் சர்வர் முகவரியாக ஐபி எண்ணைக் கொடுத்திருந்தாலும் இதே பிழை வரும். ரூட் சான்றிதழை (சர்வர் சான்றிதழை வழங்கிய அமைப்பின் சான்றிதழ்) ‘லோக்கல் கம்ப்யூட்டர்’ ஸ்டோரில் போடாமல் ‘கரன்ட் யூசர்’ ஸ்டோரில் போட்டிருந்தாலும் வரும். 809 வந்தால் அது சரிபார்ப்புச் சிக்கலே இல்லை. வழியில் யுடிபி 500, 4500 போர்ட்டுகள் அடைபட்டிருக்கின்றனவா என்று பாருங்கள்.

691 வந்தால்தான் யூசர்நேம், பாஸ்வேர்டு பக்கம் போக வேண்டும். அங்கேயும் பாஸ்வேர்டு மட்டும் குற்றவாளி அல்ல. வெறும் பெயரை ஏற்காத சர்வரில் டொமைன்\பெயர் என்று கொடுத்துப் பாருங்கள். இணைப்பின் ப்ராபர்ட்டீஸில் செக்யூரிட்டி டேபில் எம்எஸ்-சாப் வி2 (பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் ஒரு முறை) டிக் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள். சர்வர் அனுமதிக்காத முறையில் கேட்டாலும் 691தான் வரும். சர்வரில் என்பிஎஸ் (விண்டோஸ் சர்வரின் சரிபார்ப்புச் சேவை) இருந்தால், ஈவென்ட் வியூவரில் 6273 என்ற பதிவைத் தேடும்படி சர்வர் நிர்வாகியிடம் சொல்லுங்கள். ரீசன் கோட் 16 என்றால் பெயரோ பாஸ்வேர்டோ தவறு. 65 என்றால் அந்தக் கணக்குக்கு டயல்-இன் அனுமதி இல்லை. 66 என்றால் பாலிசியில் அந்தச் சரிபார்ப்பு முறை இல்லை. க்ளையன்ட் பக்கம் ஒரு மணி நேரம் துழாவுவதைவிட இந்த ஒரு வரி அதிகம் சொல்லும்.

விண்டோஸுடன் வராத தனி விபிஎன் மென்பொருளான ஓப்பன்விபிஎன்னில் லாகைப் படியுங்கள். ‘ஆத் ஃபெயில்டு’ என்றிருந்தால் டிஎல்எஸ் (இயந்திரங்களுக்குள் நடக்கும் அந்த முதல் கட்டம்) முடிந்துவிட்டது, கணக்கைத்தான் சர்வர் மறுக்கிறது. 60 வினாடிகளில் டிஎல்எஸ் கீ நெகோஷியேஷன் முடியவில்லை என்றிருந்தால் ஃபயர்வால், போர்ட், டிஎல்எஸ்-ஆத் கீ (இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டிய கூடுதல் கீ) மூன்றையும் பாருங்கள். சான்றிதழ் ‘இன்னும் செல்லுபடியாகவில்லை’ என்று சொன்னால் கணினியின் தேதி, நேரத்தைத் திருத்துங்கள். ஆத்தென்டிகேட்டர் ஓடிபியும் பொதுவாக 30 வினாடிக்கு ஒருமுறை மாறுவதால், கடிகாரம் விலகினால் அதுவும் தோற்கும்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த இணைப்பு சரியாக ஒரு மணி நேரத்தில் அறுந்து ‘ஆத் ஃபெயில்டு’ சொல்கிறதா? கீயைப் புதுப்பிக்கும் இடைவெளியைச் சொல்லும் ரெனெக்-செக் என்ற அமைப்பு இயல்பாக 3600 வினாடி. அப்போது க்ளையன்ட் நினைவில் வைத்திருக்கும் பழைய ஓடிபியையே மறுபடி அனுப்புகிறது, சர்வர் மறுக்கிறது. ரெனெக்-செக்கை சர்வர், க்ளையன்ட் இரண்டிலும் 0 ஆக்கினால் இந்தத் துண்டிப்பு நிற்கும். ஆனால் கீ புதுப்பிப்பும் நின்றுவிடும் என்பதால் அதை நான் பரிந்துரைப்பதில்லை. சர்வர் கான்ஃபிகில் ஆத்-ஜென்-டோக்கன் (முதல் சரிபார்ப்புக்குப் பிறகு ஓடிபிக்குப் பதில் பயன்படும் டோக்கனை சர்வரே தருவது) சேர்ப்பதே முறையான தீர்வு. 2.4 பதிப்பிலிருந்து அந்த வசதி இருக்கிறது.